சென்னைக் கைக்குட்டையும் கலாபாரி ஊசியும்

பெங்களூரில் 1809-இல் கண்டோன்மெண்ட் அமைந்தது முதல் சென்னைப் படையைப் பின்தொடர்ந்து வந்து குடியேறிய தமிழர் பலர். அவர்தம் வழித்தோன்றல்கள் இன்றும் மிகுதியாக வாழும் பகுதிகளுள் காக்ஸ் டவுன் ஒன்று. இங்குள்ள தையற்கடைகளுக்கு அண்மைக் காலமாகப் புதிய வாடிக்கைக்காரர் வரக் காண்கின்றோம். பக்கத்துக் கம்மனஹள்ளியிலும் ஹென்னூரிலும் தங்கிப் பயிலும் ஆப்பிரிக்க மாணவர்களே அவர்கள். அவர்கள் கொணரும் 'அங்காரா' என்னும் 6 கஜத் துணியைக் கண்டதும் தையற்காரருக்கு எழும் முதல் ஐயம், எது மேற்புறம் என்பதாம். மெழுகு அச்சுத் துணியாதலின் இருபுறமும் வண்ணம் ஏறக்குறைய ஒன்றாகவே துலங்கும். பெரிய உருக்கள் தையல்வாயில் பொருந்த வேண்டுமெனில் துணியும் கூடச் செலவாகும், கூலியும் அதற்கேற்பவே.

இத்துணியை ஆப்பிரிக்கத் துணி என்கிறோம். ஆனால் அதன் பிறப்போ ஜாவாவின் பத்திக் வேலைப்பாட்டைப் பார்த்து ஐரோப்பியர் ஆலையில் செய்த போலியில் உள்ளது. 1846-இல் ஹாலந்து நாட்டு ஹெல்மண்ட் நகரில் தோன்றிய ஆலை இத்தொழிலில் பேர்பெற்றது. மேற்கு ஆப்பிரிக்கப் பெண்டிர் அதனை விரும்பி ஏற்று, தமக்கென உருக்களும் பெயர்களும் வகுத்துத் தமதாக்கிக் கொண்டனர்.

இதற்கும் முன்னரே கடல் கடந்து ஆப்பிரிக்கரின் துணியானது நமது சென்னைத் துணி. சாயமிட்ட பாவும் ஊடையுமாகக் கட்டம் போட்டு நெய்து, கஜச் சதுரங்களாக அமைத்து, 8 கஜத் துண்டாக விற்கப்பட்ட அதனை வணிகர் 'அசல் சென்னைக் கைக்குட்டை' என்றனர். கைக்குட்டை என்பது பெயரளவே. உடுத்துவதற்கே அது சென்றது. ஆங்கிலக் கம்பெனியார் நெசவாளரைத் தம் கோட்டையருகே குடியேற்ற 1734-இல் சிந்தாதிரிப்பேட்டையை நிறுவியமை, இவ்வகைத் துணிகளை அவர்கள் எத்துணை மதித்தனர் என்பதைக் காட்டும். புதுச்சேரியின் நீலத்துணியோ செனகல் ஆற்றங்கரையில் பிசின் வாங்குவதற்குப் பணமாகவே வழங்கிற்று.

இவ்வரலாற்றில் ஒரு கறையும் உண்டு. அதனை மறைத்தல் தகாது. இந்தியத் துணிகள் லண்டனில் ஏலம் போய், கினியாக் கடற்கரையில் மனிதரை விலைக்கு வாங்கவும் பயன்பட்டன. 1807-இல் ஆங்கிலேயர் அவ்வணிகத்தைச் சட்டத்தால் விலக்கும்வரை, நம் நெசவாளர் அறியாமலே அவர்தம் உழைப்பு அக்கொடுமைக்குத் துணைநின்றது.

நைகர் ஆற்றுக் கழிமுகத்தில் வாழும் கலாபாரி மக்கள் சென்னைத் துணியை 'இஞ்சிரி' என்பர். அவர்கள் அதனை அப்படியே உடுத்தியதோடு நிற்கவில்லை. கட்டங்களிலுள்ள வெளிர்நிற இழைகளை ஊசியால் தூக்கி, கூரிய கத்தியால் அறுத்து, ஒவ்வொன்றாக உருவி எடுப்பர். எஞ்சிய கருநிற இழைகளிடையே ஆமை முதலிய உருக்கள் தோன்றும். துணியும் மெல்லியதாகிக் காற்றோட்டம் பெறும். 'பெலெத்தே பிதே' எனப்படும் இவ்வறுப்பு வேலை பெண்டிரின் கலை. புகுமா அதற்குப் பேர்பெற்ற ஊர். பலநாட் பொறுமையை வேண்டும் வேலை. ஓரிழை தவறினும் உரு குலையும்.

பிறர் நெய்ததில் ஓரிழையும் சேர்க்காது, குறைத்தே புதியது படைத்தல் வியப்புக்குரியது. எம்ப்ராய்டரியில் நாம் கூட்டிக்கொண்டே போகிறோம். நூல், மணி, கண்ணாடி என அதற்கு ஓர் எல்லையில்லை. கலாபாரிப் பெண்டிரின் வழியே நமக்கு உயர்ந்ததாகத் தோன்றுகிறது. புதுமை நாடும் நம் தையற்கலைஞர், கையிலுள்ள கட்டம்போட்ட கைத்தறித் துண்டொன்றில் இதனைப் பழகிப் பார்க்கலாம். ஆலைத்துணியின் நெருங்கிய இழையில் ஊசி எளிதில் நுழையாது.

எனினும், தாம் நெய்தது அங்கே என்னவாயிற்றென நம் நெசவாளர் கண்டாரல்லர். தரகர் கேட்ட கட்டத்தை, கேட்ட வண்ணத்தில் நெய்து கூலி பெற்றதே அவர் அறிந்தது. 1970-களின் பிற்பகுதியில் நைஜீரியா வெளிநாட்டுத் துணி இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது அத்தறிகளின் வேலையும் சுருங்கிற்று. காரணம் அறியாமலே பலர் புடவைக்கும் லுங்கிக்கும் மாறினர்.

கலாபாரி இல்லங்களிலோ, பாட்டியர் சேர்த்த இஞ்சிரி பெட்டிகளில் பத்திரமாயிருக்கின்றது. முதியோர் இறந்தால் அப்பெட்டிகளைத் திறப்பர். வீட்டின் அறைகளிலுள்ள கட்டில்களையும் சுவர்களையும் அத்துணிகளால் அலங்கரித்து, குடும்பத்தின் பெருமையாக ஊரார்க்குக் காட்டுவர்.