வெள்ள நிவாரணமும் மக்கள் அமைப்பும்: வங்காள அனுபவம், 1922–1978

வெள்ள அனர்த்தங்கள் வரலாற்று நூல்களிற் பெரும்பாலும் மழையின் அளவாகவும் இறந்தோரின் தொகையாகவுமே பதிவாகியுள்ளன. நீர் சூழ்ந்த நாட்களில் யார் யாருக்கு எதனைக் கொடுத்தனர், கொடுத்தவரும் பெற்றவரும் எத்தகைய சமூக உறவில் நின்றனர் என்னும் வினாக்கள் அரிதாகவே எழுப்பப்படுகின்றன. நிவாரணத்தைத் தனிமனித இரக்கத்தின் வெளிப்பாடாக மட்டும் காணும் நோக்கே இதற்குக் காரணமாகும். நிவாரணமும் ஒரு சமூக உறவு. சமுதாயத்தின் வர்க்க அமைப்பு அதனுள்ளும் தொழிற்படுகின்றது. வெள்ளத்தோடு நெடுங்காலம் வாழ்ந்துவரும் வங்காளத்தின் அனுபவத்தில் மூன்று கட்டங்களை எடுத்து இதனை நோக்குவோம்.

1

1922 செப்டெம்பர் இறுதியிற் பெய்த பெருமழையால் வட வங்காளத்தின் ராஜ்ஷாகி, பொக்ரா மாவட்டங்கள் நீரில் மூழ்கின. இன்று வங்காளதேசத்தைச் சேர்ந்த இம்மாவட்டங்களின் விவசாயிகளுட் பெரும்பாலானோர் முஸ்லிம்கள். 1793ஆம் ஆண்டின் நிரந்தர நிலவரித் திட்டம் உருவாக்கிய ஜமீந்தாரி முறையின் கீழ்க் குத்தகையும் வட்டியும் இறுத்து வந்தவர்கள். வயலில் நின்ற நெற்பயிரும் கால்நடைகளும் மண்வீடுகளும் ஒருங்கே அழிந்தபோது, குடியேற்ற அரசின் உதவி மிகக் குறைவாகவே இருந்தது.

இந்நிலையில் வங்காள நிவாரணக் குழு உருவாயிற்று. இரசாயனவியற் பேராசிரியர் பிரபுல்ல சந்திர ராய் அதற்குத் தலைமை தாங்கினார். கல்கத்தாவின் விஞ்ஞானக் கல்லூரி அரிசியும் துணியும் சேகரித்து அனுப்பும் நிலையமாக மாறியது. ஏறத்தாழ 25 இலட்சம் ரூபாய் பெறுமதியான பணமும் பொருளும் சேர்ந்தன என ராயின் வாழ்க்கை வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுவர். அவ்வாண்டிற் சிறையிலிருந்து விடுதலையாகியிருந்த சுபாஷ் சந்திர போஸ் சாந்தாகார்ப் பகுதியில் நின்று பணியாற்றினார். ஒத்துழையாமை இயக்கம் 1922 பெப்ரவரியில் நிறுத்தப்பட்ட பின் செய்வதறியாது நின்ற இளைஞர் பலருக்குக் கிராமத்தை நேரிற் காணும் வாய்ப்பை வெள்ளம் வழங்கிற்று எனலாம்.

இப்பணியில் ஈடுபட்டோருள் பௌதிகவியலாளர் மேக்நாத் சாகாவும் ஒருவர். டாக்கா மாவட்டத்து வெள்ளச் சமவெளிக் கிராமமொன்றிற் சிறுகடைக்காரர் ஒருவரின் மகனாகப் பிறந்த அவருக்கு வெள்ளம் புதியதன்று. அரிசி பகிர்ந்தோர் விரைவிலேயே வேறொரு வினாவை எதிர்கொண்டனர்: வந்த நீர் ஏன் வடியவில்லை? போதிய நீர்வழிகளின்றி அமைக்கப்பட்ட புகையிரதப் பாதை அணைகள் வடிகாலைத் தடுத்தன என்ற குற்றச்சாட்டு அப்போது வலுவாக எழுந்தது. ஏற்றுமதிச் சரக்கை விரைவாகத் துறைமுகம் சேர்க்கும் நோக்கில் இடப்பட்ட பாதைகள், நிலத்தின் இயற்கையான நீரோட்டத்தைப் பொருட்படுத்தவில்லை. வங்காளத்தின் பொதுச் சுகாதார அதிகாரியாயிருந்த பென்ற்லி, 1925இல் வெளிவந்த தமது நூலில், அணைகள் வண்டல் நீரைத் தடுத்தமையை மலேரியாப் பரவலோடும் விளைச்சல் வீழ்ச்சியோடும் தொடர்புபடுத்தினார். பொறியியலாளர் குழுவொன்று பெருஞ்செலவில் நீர்தேக்கும் படுகைகளை அமைக்கப் பரிந்துரைத்தபோது, 1870 முதல் 1922 வரையிலான மழைப் பதிவுகளைப் புள்ளிவிபர முறையில் ஆராய்ந்த மகலநோபிஸ், அவற்றாற் பயனில்லை என்றும் நீர் விரைந்து வடிய வழி செய்வதே தேவை என்றும் 1927இற் காட்டினார். தொண்டர்கள் களத்திற் கேட்ட வினா, இவ்வாறு விஞ்ஞானத்தின் வினாவாகவும் ஆயிற்று.

எனினும் இக்கட்டத்தின் எல்லையையும் நாம் மனங்கொள்ளல் வேண்டும். கொடுத்தவர் நகரத்துக் கற்ற மத்தியதர வர்க்கத்தினர். பெற்றவர் கிராமத்து ஏழைக் குடியானவர். அணையைப் பற்றிக் கேள்வி எழுந்த அளவுக்குக் குத்தகையைப் பற்றி எழவில்லை. நீர் வடிந்த நிலத்தில் ஜமீந்தாரும் வட்டிக்காரரும் முன்போலவே நின்றனர்.

2

1942 ஒக்டோபர் 16ஆந் திகதி மேதினிப்பூர்க் கரையோரத்தைச் சூறாவளியும் கடற்பெருக்கும் தாக்கின. அரசின் கணக்கின்படியே 14,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அம்மாவட்டம் வெள்ளையனே வெளியேறு இயக்கத்தின் கோட்டையாக விளங்கியமையால், அழிவுச் செய்தி பல நாட்கள் தணிக்கைக்குட்பட்டது. நிவாரணத்தை நிறுத்திவைத்தலைத் தண்டனையாக்கவும் மாவட்ட நிருவாகம் முற்பட்டது. இரக்கத்தின் மொழியில் மறைந்திருந்த ஆட்சியுறவு இங்கு வெளிப்படையாயிற்று. இதற்கு மறுமொழியாக, அவ்வாண்டு டிசெம்பரிற் தம்லுக்கில் அமைந்த தாம்ரலிப்த தேசிய அரசு நிவாரணத்தைத் தனது கடமைகளுள் ஒன்றாக மேற்கொண்டது.

அடுத்த ஆண்டின் பெரும் பஞ்சத்தின்போது, 1942 இயக்கத்திலிருந்து விலகி நின்ற கம்யூனிஸ்ட் கட்சியினர் மக்கள் நிவாரணக் குழுவின் வாயிலாகவும் பெண்கள் தற்காப்புச் சங்கத்தின் வாயிலாகவும் கஞ்சித் தொட்டிகளை நடத்தினர். இந்திய மக்கள் நாடக மன்றம் 1944இல் மேடையேற்றிய பிஜோன் பட்டாச்சார்யாவின் ‘நபான்ன’ நாடகத்தின் இறுதியில், சூறாவளியாலும் பஞ்சத்தாலும் கல்கத்தாத் தெருவிற்குத் தள்ளப்பட்ட விவசாயிகள் ஊர் திரும்பிக் கூட்டுழைப்பால் அறுவடை செய்கின்றனர். பிச்சை பெறுவோராகக் காட்டப்பட்டு வந்தோர், தம் வாழ்வைத் தாமே மீட்கும் மாந்தராக வங்காள மேடையில் தோன்றினர். 1946இல் வட வங்காளத்தின் தினாஜ்பூர், ரங்பூர் மாவட்டங்களில் விளைச்சலின் மூன்றில் இரு பங்கு உழுபவனுக்கே என்ற தெபாகாப் போராட்டம் எழுந்தது. 1922இற் கேட்கப்படாத குத்தகை வினாவைப் பங்குக் குடியானவர்களே இங்கு கேட்டனர்.

3

1943இல் தாமோதர் ஆறு பெருக்கெடுத்ததன் பின் சாகா போன்றோர் வற்புறுத்திய ஆற்றுத் திட்டம், 1948இல் தாமோதர்ப் பள்ளத்தாக்குக் கூட்டுத்தாபனமாக உருப்பெற்றது. அணைக்கட்டுகள் எழுந்தன, வெள்ளம் முற்றாக ஒழியவில்லை. 1978இல் மேற்கு வங்காளம் பெருவெள்ளத்திற்கு உள்ளாயிற்று. அவ்வாண்டு யூனிலேதான் இடதுசாரி முன்னணி அரசு பஞ்சாயத்துத் தேர்தலை நடத்தியிருந்தது. நிவாரணமும் புனரமைப்பும் அதிகாரிகளின் கைகளில் மட்டும் விடப்படாது, புதிதாகத் தெரிவான பஞ்சாயத்துகளிடம் பெருமளவில் ஒப்படைக்கப்பட்டன. வேலைக்கு உணவு வழங்கும் திட்டத்தின் மூலம் வீதிகளும் வாய்க்கால்களும் செப்பனிடப்பட்டன. பெறுவோர் கணக்குக் கேட்கத்தக்க ஒருவரே கொடுக்கும் இடத்தில் நின்றமை இக்கட்டத்தின் சிறப்பாகும்.

இதனையும் மிகைப்படுத்தலாகாது. பஞ்சாயத்துகளிற் சிறு நிலவுடைமையாளரும் ஆசிரியர்களும் மிகுந்திருந்தனர்; நிலமற்ற கூலிகள் குறைவாகவே இடம்பெற்றனர். பிற்காலத்திற் கட்சிச் சார்பு பங்கீட்டைத் திரித்தது என்ற விமர்சனமும் புறக்கணிக்கத்தக்கதன்று.

இம்மூன்று கட்டங்களும் நேர்கோட்டு வளர்ச்சியாக அமையவில்லை. ஆயினும் ஒவ்வொன்றிலும் நிவாரணத்தின் பயனை அளவிட மூன்று வினாக்கள் நமக்குக் கிடைக்கின்றன: நீர் தேங்கியதன் காரணம் கேட்கப்பட்டதா? நிலவுறவு தொடப்பட்டதா? பங்கீட்டைத் தீர்மானிப்பதிற் பாதிக்கப்பட்டோருக்கு இடமிருந்ததா? இவற்றை எழுப்பாத நிவாரணம் பசியை ஆற்றலாம். அதுவும் சிறிய பணியன்று. ஆனால் அடுத்த வெள்ளமும் அதே வீடுகளையே கொண்டுசெல்லும்.