கொண்டையில் ஓர் எலி, அடிமரத்தில் ஓர் எலி

பொள்ளாச்சித் தென்னந்தோப்பையும் நியூயார்க் மாநிலத்து ஹட்சன் பள்ளத்தாக்கின் ஆப்பிள் தோட்டத்தையும் ஒருசேர வைத்து ஆராயக் காரணம் உண்டு. இரண்டிலும் எலிக்கு எதிரான முதல் காவல், மரத்தைச் சுற்றிய உலோக வளையமே.

தென்னையில் எலி கொண்டையிலேயே குடியிருந்து இளங்காய்களைக் காம்புப் பக்கமாகத் துளைக்கிறது. ஓட்டையோடு விழும் காய்கள் சேதத்தை உடனே காட்டிவிடும். ஆப்பிளில் ‘வோல்’ என்னும் குட்டைவால் எலி, பனிக்கு அடியில் அடிமரத்துப் பட்டையைக் கொறிக்கிறது. பனி உருகும்வரை எதுவும் தெரியாது. தென்னையில் போவது காய், ஆப்பிளில் போவது மரம்.

வளையம் பொருத்தும் முறையிலும் இந்த வேறுபாடு தொடர்கிறது. தென்னையில் தரையிலிருந்து 2 மீட்டர் உயரத்தில், சுமார் 40 செ.மீ. அகலத் தகரத்தை மரத்தோடு ஒட்டி ஆணியடித்துவிடலாம்: தண்டு ஆண்டுதோறும் பருப்பதில்லை, உணவுக் குழாய்களும் உள்ளே சிதறிக் கிடக்கின்றன. ஆப்பிளில் அவை பட்டையை ஒட்டியே ஓடுகின்றன, மரமும் பருக்கிறது. ஆகவே 6 மி.மீ. கண்ணுள்ள கம்பிவலையைத் தளர்வாகச் சுற்றி, அதன் அடியை மண்ணில் புதைக்கிறார்கள்.

வியப்பு என்னவென்றால், இவ்வளவு வேறுபட்ட இரு காவல்களும் தோற்பது ஒரே விதத்தில்தான். பக்கத்து மரத்தின் மட்டை உரசினால், எலி தகரத்தைத் தொடாமலே தாவிவிடும். பனி வலைக்கு மேல் குவிந்தால், வோல் அதனுள் வழி குடைந்து மேல்பட்டையை எட்டிவிடும். தகரமும் வலையும் பயன்படுவது வேறு வழி இல்லாதவரைதான். இந்தத் தாவலைக் கணக்கில் வைத்தே, ஐந்து தென்னைக்கு ஒன்றின் கொண்டையில் மட்டும் 10 கிராம் புரோமடயலோன் எலிநஞ்சு மெழுகுக் கட்டியை 12 நாள் இடைவெளியில் இருமுறை வைக்கப் பரிந்துரைக்கிறார்கள்.

நஞ்சை மட்டும் நம்புவதை நான் ஏற்கமாட்டேன். அமெரிக்க ஆப்பிள் தோட்டங்களில் வோல்கள் என்ட்ரின் என்னும் நஞ்சைத் தாங்கப் பழகிவிட்டது 1960களிலேயே பதிவாயிற்று. மறைவிடத்தை ஒழிப்பதே உறுதியான வழி: இங்கே காய்ந்த மட்டையும் பன்னாடையும், அங்கே மரத்தடிப் புல்லும்.

தென்னைக்காரருக்கு அடுத்த பாளை வெடிக்கும். ஆப்பிள்காரரோ சுற்றிலும் பட்டை போன மரத்தில், காயத்தின் மேலும் கீழுமுள்ள உயிர்ப்பட்டையை ஒட்டுக்குச்சிகளால் இணைக்க வேண்டும். வசந்தத்தின் தொடக்கத்தில் அதைச் செய்யத் தவறினால், அந்த மரம் இலை விட்டும் பிழைக்காது.