காயத்துக்குப் பின் பணிக்குத் திரும்புதல்

வேலையிடத்தில் காயம்பட்ட தொழிலாளி முற்றும் குணமாகும்வரை வீட்டிலேயே இருக்கட்டும் என்று விடாமல், அவர் உடல் தாங்கும் அளவுக்கு வேலையையும் நேரத்தையும் மாற்றி, அதே நிறுவனத்தில் படிப்படியாக அமர்த்தும் ஏற்பாடு ‘பணிக்குத் திரும்புதல்’ எனப்படும். தொழிற்சாலைப் பேச்சில் இதன் ஒரு பகுதியை ‘லைட் டூட்டி’ என்பார்கள். மருத்துவர், காப்பீட்டு அலுவலர், மனிதவளத் துறை, தொழிற்சங்கம் எனப் பலருக்கும் இதில் பங்குண்டு. ஆனாலும் ஏற்பாடு பலிப்பதும் பலிக்காமல் போவதும் பெரும்பாலும் நேரடி மேற்பார்வையாளர் கையில்தான் இருக்கிறது. தினமும் வேலையைப் பிரித்துக் கொடுப்பவர் அவர்தான்.

தோற்றம்

ஜெர்மனியில் பிஸ்மார்க் ஆட்சிக் காலத்தில், 1884-இல், தொழில்விபத்துக் காப்பீட்டுச் சட்டம் வந்தது. பிரிட்டன் 1897-இலும், கனடாவின் ஒன்ராறியோ மாகாணம் 1914-இலும், பிரிட்டிஷ் இந்தியா 1923-இலும், இலங்கை 1934-இலும் தத்தம் இழப்பீட்டுச் சட்டங்களை இயற்றின. போன விரலுக்கும் போன கண்ணுக்கும் விலை குறிப்பதே இந்தத் தொடக்ககாலச் சட்டங்களின் முதன்மை நோக்கம். பணம் கொடுத்த பிறகு அந்த மனிதர் எங்கே போவார் என்ற கேள்விக்கு அவற்றில் போதிய விடை இல்லை. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1955-ஆம் ஆண்டுப் பரிந்துரையும் 1983-ஆம் ஆண்டின் 159-ஆம் உடன்படிக்கையும் தொழில்சார் மறுவாழ்வை அரசுகளின் கடமையாக முன்வைத்தன.

மருத்துவத்தின் பார்வையும் மாறிவந்தது. முதுகுவலி என்றால் வாரக்கணக்கில் படுக்கை ஓய்வு என்பதே நெடுங்காலம் வழக்கமாக இருந்தது. கியூபெக்கில் பாட்ரிக் லுவாசெல் தலைமையிலான குழு, முதுகுவலியால் வேலைக்கு வராதிருந்தவர்களிடம் வேறொரு முறையைச் சோதித்தது. மருத்துவம் ஒருபுறம் நடக்க, தொழிலாளி, மேற்பார்வையாளர் ஆகியோரின் பங்கேற்புடன் வேலையிடத்தையே ஆராய்ந்து மாற்றினார்கள். 1997-இல் வெளியான முடிவின்படி, இந்த முழு ஏற்பாட்டைப் பெற்றவர்கள் வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட ஏறத்தாழ 2.4 மடங்கு விரைவாகப் பழைய வேலைக்குத் திரும்பினர்.

மேற்பார்வையாளரின் பங்கு

டொரொன்டோவிலுள்ள வேலை–உடல்நல ஆய்வு நிறுவனம், அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்து 2007-இல் ஏழு கொள்கைகளை வெளியிட்டது. மேற்பார்வையாளருக்கு இதில் பயிற்சி தரவேண்டும், திரும்பும் திட்டத்தைத் தீட்டும்போதே அவரையும் சேர்க்கவேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. காயம்பட்டவரை நிறுவனம் விரைவிலும் அக்கறையோடும் தொடர்புகொள்ள வேண்டும் என்பது இன்னொன்று.

இந்தத் தொடர்பு முதல் ஓரிரு வாரங்களுக்குள், மேற்பார்வையாளரே நேரில் போயோ தொலைபேசியிலோ பேசுவதாக இருந்தால் நல்லது. எப்படி இருக்கிறது, வீட்டில் யார் பார்த்துக்கொள்கிறார்கள், காகிதங்கள் ஏதாவது நிற்கிறதா என்பவை கேட்கத் தக்கவை. ‘நீ ஏன் கையை விட்டாய்’ என்பது அந்த நேரத்துக்கு உரிய கேள்வி அல்ல. விபத்து விசாரணையை வேறொருவர் வேறொரு நாளில் நடத்தலாம். நலம் விசாரிக்க வந்த அழைப்பு குற்றம் விசாரிப்பதாக மாறினால், அடுத்த அழைப்பைத் தொழிலாளி எடுக்கமாட்டார். எப்போது வருவாய் என்று நெருக்குவதும் அதே பலனைத்தான் தரும்.

அமெரிக்காவில் ஓர் உணவு பதனிடும் ஆலையில் மேற்பார்வையாளர்களுக்குச் சில மணி நேரப் பயிற்சி தரப்பட்டது. காயம்பட்டவரிடம் எப்படிப் பேசுவது, வேலையை எப்படி மாற்றுவது என்பதே பாடம். வில்லியம் ஷாவும் உடன் ஆய்வாளர்களும் 2006-இல் வெளியிட்ட முடிவில், பயிற்சி பெற்றவர்களின் பிரிவுகளிலிருந்து வந்த புதிய இழப்பீட்டுக் கோரிக்கைகள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தன. ஒரே ஆலையில் நடந்த சிறு ஆய்வுதான். ஆனாலும் பேச்சு முறை மாறினாலே எவ்வளவு மாறும் என்பதை அது காட்டுகிறது.

மேற்பார்வையாளருக்கும் நெருக்கடி உண்டு என்பதை நிர்வாகங்கள் எளிதில் மறந்துவிடுகின்றன. பத்துப் பேர் கொண்ட வரிசையில் ஒருவர் பாதி வேலைதான் செய்வார் என்றால், மீதிப் பாதி மற்ற ஒன்பது பேர் தலையில் விழும். உற்பத்தி இலக்கு மட்டும் குறையாது. முதல் வாரம் பரிவு காட்டுகிறவர்கள் மூன்றாவது வாரம் முணுமுணுப்பார்கள். திரும்பி வந்தவரை முழு ஆளாகக் கணக்கில் சேர்க்காமல், இலக்கைத் தளர்த்தியோ கூடுதல் ஆள் கொடுத்தோ நிர்வாகம் ஈடுகட்டினால்தான் மேற்பார்வையாளரின் நல்லெண்ணம் நீடிக்கும்.

பவர் பிரஸ் விபத்து

தகட்டை அச்சில் வைத்து அழுத்தி உருக்கொடுக்கும் பவர் பிரஸ், சென்னையைச் சுற்றியுள்ள வாகன உதிரிபாகப் பட்டறைகளில் விரலிழப்புக்குப் பெயர்போனது. இரண்டு விரல் இழந்த ஓர் இளைஞர் திரும்பி வருகிறார் என்று கொள்வோம். புண் ஆறியிருக்கும். ஆனால் விரல் முனை எதன்மீது பட்டாலும் சுரீர் என்னும். மெல்லிய தகட்டை எடுக்கப் பிடி கிடைக்காது. பக்கத்துப் பிரஸ் இறங்கும் சத்தத்துக்கே உடல் பின்வாங்கும். இந்த அச்சம் மருத்துவச் சான்றில் வராது. பக்கத்தில் நிற்பவர் கண்ணுக்குத்தான் தெரியும்.

இங்கே மேற்பார்வையாளர் முதலில் பார்க்கவேண்டியது இயந்திரத்தை. இரு கைகளாலும் பொத்தானை அழுத்தினால் மட்டுமே இறங்கும் ஏற்பாடு வேலை செய்கிறதா, குறுக்கே கை வந்தால் நிறுத்தும் சென்சாரை வேகத்துக்காக யாராவது அணைத்து வைத்திருக்கிறார்களா என்று பார்த்துச் சரிசெய்யாமல், அவரை அந்த வளாகத்துக்குள் அழைப்பதே தவறு. அடுத்து, அந்த வரிசைக்கே வர விருப்பமா என்று அவரையே கேட்கவேண்டும். கேஜ் வைத்து அளவு பார்த்தல், குறையுள்ள உருப்படிகளைப் பிரித்தல், ஸ்டோர்ஸ் பதிவு போன்றவற்றை நாளுக்கு நான்கு மணி நேரம் என்று தொடங்கி, வாரந்தோறும் பேசிப் பார்த்துக் கூட்டலாம். எந்த நாளில் எந்த நிலை என்பதை எழுதி, ஷிப்ட் மாறி வரும் மேற்பார்வையாளரிடமும் கொடுத்துவைப்பது அவசியம். முதல் ஷிப்டில் ஒத்துக்கொண்ட ஏற்பாடு இரண்டாம் ஷிப்டில் தெரியாமல் போய், பழைய வேலையிலேயே நிறுத்தப்படும் ஆபத்து எப்போதும் உண்டு.

வேலையே கொடுக்காமல் டைம் ஆபீஸ் அருகே நாள் முழுதும் உட்காரவைப்பது பணிக்குத் திரும்புதல் ஆகாது. விபத்தால் இழந்த நாட்களின் கணக்கைக் குறைத்துக் காட்டச் சில நிறுவனங்கள் இப்படிச் செய்கின்றன. உழைத்துப் பழகியவரை எல்லார் கண்ணெதிரிலும் சும்மா உட்காரவைப்பது அவரை அவமானப்படுத்துவதாகும்.

நாடுகளின் நடைமுறை

நெதர்லாந்தில் 2002 முதல் நடைமுறையிலுள்ள சட்டம் காலக்கெடுவோடு இயங்குகிறது. ஆறாம் வாரத்தில் நிலையை ஆராய்ந்து, எட்டாம் வாரத்துக்குள் தொழிலாளியும் நிறுவனமும் சேர்ந்து திட்டம் போடவேண்டும். நிறுவனம் இரண்டு ஆண்டுகள் வரை ஊதியத்தில் குறைந்தது 70 விழுக்காட்டைத் தருகிறது. முயற்சி போதாது என்று தெரிந்தால் மேலும் ஓராண்டு தரவேண்டி வரும். ஜெர்மனியில் ஓராண்டுக்குள் ஆறு வாரங்களுக்குமேல் நோயுற்றிருந்தவருக்கு நிறுவனம் திரும்பும் திட்டத்தை முன்வைக்கவேண்டும். அங்குள்ள ‘ஹம்பர்க் முறை’யில் தொழிலாளி சில மணி நேரம் மட்டும் வேலை செய்து பழகுவார். அந்த நாட்களிலும் அவருக்குக் காப்பீட்டுத் தொகை தொடரும். பிரிட்டன் 2010-இல் பழைய நோய்ச் சான்றை மாற்றி, ‘சில மாற்றங்களோடு வேலை செய்யக்கூடும்’ என மருத்துவர் எழுத இடம் கொடுத்தது. தமிழர் பெருமளவில் உழைக்கும் மலேசியாவில், தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பான சொக்சோ 2007-இல் இதற்கெனத் தனித் திட்டம் தொடங்கியது. அத்திட்டத்தின் மேலாளர் ஒருவர் தொழிலாளி, மருத்துவர், நிறுவனம் மூவருக்கும் இடையே நின்று ஒருங்கிணைப்பார்.

இந்தியாவில் 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த ஈ.எஸ்.ஐ. எனப்படும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டம், தற்காலிக ஊனக் காலத்தில் ஊதியத்தில் 90 விழுக்காட்டைத் தருகிறது. அந்தக் காலத்தில் தொழிலாளியைப் பணிநீக்கம் செய்வதை அச்சட்டத்தின் 73-ஆம் பிரிவு தடுத்தது. இச்சட்டமும் 1923-ஆம் ஆண்டுச் சட்டமும் 2020-இன் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பில் இணைக்கப்பட்டன. அரசு நிறுவனங்களில், பணிக்காலத்தில் ஊனமடைந்தவரை நீக்கவோ பதவியிறக்கவோ கூடாது. அதே ஊதியத்தில் மாற்றுப்பணி தரவேண்டும் என்பது 1995-ஆம் ஆண்டு முதல் சட்டம். இப்போது அது 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 20-ஆம் பிரிவாக உள்ளது. பேருந்து ஓட்டும் தகுதியை இழந்த அரசுப் போக்குவரத்துக் கழக ஓட்டுநர்கள் பலர் சென்னை உயர்நீதிமன்றம் சென்று இதன்படி மாற்றுப்பணி பெற்றுள்ளனர். தனியார் நிறுவனங்களை இந்தப் பாதுகாப்பு கட்டுப்படுத்தாது.

ஈ.எஸ்.ஐ. சட்டம் வகுத்த முறையில் இன்னொரு தடையும் உண்டு. ஊதியம் பெற்று வேலை செய்த நாளுக்குத் தற்காலிக ஊனப் பயன் கிடைக்காது. அதனால் நான்கு மணி நேரம் வந்து பழக விரும்பும் தொழிலாளிக்கு நிறுவனம் அரைச் சம்பளம் மட்டும் தந்தால், வீட்டிலிருக்கும்போது கிடைத்ததைவிடக் குறைவாகவே கைக்கு வரும். நல்ல மேற்பார்வையாளர் படிப்படியான திட்டம் போட்டாலும், முழுச் சம்பளம் தர நிறுவனம் முன்வராவிட்டால் அதைத் தொடங்கவே முடியாது. ஒப்பந்தத் தொழிலாளிக்கு இந்த வாய்ப்பும் அரிது. வரிசையில் வேலை வாங்குபவர் ஆலையின் மேற்பார்வையாளர். பெயர் இருப்பதோ ஒப்பந்ததாரரின் பதிவேட்டில். காயம்பட்ட மறுநாளே அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டால், காயம்பட்டவர் திரும்பி வருவதற்கு அங்கே இடம் இருக்காது.