சிரமம் என்னும் சொல்லும் ஒரு முதற்போட்டியும்

அடுத்த மாதம் என் வாழ்வின் முதல் உடற்திறன் போட்டியில் பங்கேற்கவிருக்கிறேன். 'ஃபங்ஷனல் ஃபிட்னஸ்' எனப்படும் இவ்வகைப் போட்டிகளுள் இன்று இந்தியாவில் பலரும் அறிந்தது ஹைராக்ஸ். 2018இல் ஹாம்பர்க் நகரில் தொடங்கிய அது, 2025 மே மாதம் மும்பைக்கு வந்தது. ஒரு கிலோமீட்டர் ஓட்டம், அதன்பின் ஒரு வேலை என எட்டு முறை. எடையேற்றிய சட்டத்தைத் தரையோடு தள்ளுதல், அதைக் கயிற்றால் இழுத்தல், துடுப்புப் பொறி வலித்தல், மணல்மூட்டையைத் தோளில் சுமந்தபடி முழங்கால் மடக்கி 100 மீட்டர் நடத்தல் முதலியன அவ்வேலைகள். நான் பதிந்துள்ள போட்டியும் இம்முறையைத் தழுவியதே.

மூன்று மாதங்களுக்கு முன், பட்டியலைப் பார்த்த மறுநாளே, போட்டிக்குரிய முழு எடை மூட்டையைத் தோளில் ஏற்றினேன். சொல்லித்தர எவருமில்லை; காணொளிகளே ஆசான். மூன்றாம் நாள் இடுப்பு பிடித்துக்கொண்டது. இரு வாரங்கள் குனிந்து நூலெடுக்கவும் இயலவில்லை. அந்த ஓய்வில் எழுந்த கேள்வியே இப்பதிவு: போட்டிக்கு ஆயத்தமாதல் என்பதை முன்னோர் எவ்வாறு புரிந்துகொண்டனர்?

12ஆம் நூற்றாண்டில் கல்யாணிச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் இயற்றிய 'மானசோல்லாசம்' என்னும் வடமொழி நூலில், மல்லர்களைப் பற்றி 'மல்லவினோதம்' என்றொரு பகுதி உண்டு. வயது, உடலளவு, வலிமை ஆகியவற்றைக் கொண்டு அது மல்லர்களை முதலில் வகைப்படுத்துகிறது. அவர்தம் உணவையும் பயிற்சியையும் கூறுகிறது. பாரம் தூக்குவது பாரசிரமம், நடப்பது பிரமணசிரமம், நீரில் பயில்வது சலிலசிரமம். பயிற்சிகளின் பெயரீறாக நிற்கும் 'சிரமம்' என்னும் சொல்லே என் கவனத்தை ஈர்த்தது. வடமொழியில் அதற்கு உழைப்பு, களைப்பு என்பவற்றோடு படைப்பயிற்சி, கடுமையான கல்வி என்னும் பொருள்களும் உண்டு. இன்றைய தமிழில் நாம் பெரிதும் வழங்குவது தொல்லை என்னும் பொருளையே. கற்றல் உதிர்ந்து களைப்பு மட்டும் எஞ்சிவிட்டது.

நான் ஆய்வு செய்யும் புணே நகரில் மற்போர்க் கூடத்துக்குத் 'தாலீம்' என்று பெயர். 'கற்பித்தல்' எனப் பொருள்படும் அரபுச் சொல் பாரசீகத்தின் வழியே மராத்திக்கு வந்து, மண் பரப்பிய பயிற்சிக்களத்தின் பெயராயிற்று. தமிழிலும் 'பயில்' என்னும் வினை பாடத்துக்கும் உடலுக்கும் பொதுவானது. மூன்று மொழிகளின் சொற்களும் ஒன்றையே சுட்டுகின்றன: உடலை ஆயத்தம் செய்வது கல்வியின் ஒரு வகை.

கற்பிப்பவரிடமிருந்து கருவி மட்டும் பிரிந்து செல்வதும் வரலாற்றில் நிகழ்ந்துள்ளது. நாம் கர்லாக்கட்டை என்று அறியும் கருவியை 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் இங்கிருந்து கொண்டுசென்றனர். 'இந்தியக் கட்டை' என்ற பெயரில் அது ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பரவியது. 1904, 1932 ஒலிம்பிக் போட்டிகளில் கட்டை சுழற்றுதல் ஒரு பிரிவாகவே இடம்பெற்றது. கருவி கடல் கடந்தது; தாலீம் இங்கேயே தங்கிவிட்டது.

'ஃபங்ஷனல்' என்ற சொல்லுக்குப் பின்னாலும் ஒரு மருத்துவ வரலாறு இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் காயமுற்ற வீரர்களின் கால்கள் இயல்பான செயல்பாட்டை மீளப் பெறுவதற்காக, அமெரிக்க இராணுவ மருத்துவர் தாமஸ் டிலோர்ம் எடைப்பயிற்சியைக் கையாண்டு, 1945இல் அதைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார். பின்னர் ஆர்தர் வாட்கின்ஸுடன் சேர்ந்து அவர் வகுத்த முறை எளியது. ஒருவர் பத்து முறை மட்டுமே தூக்கவல்ல எடையைக் கண்டறிய வேண்டும். முதற்சுற்றில் அதில் பாதி, இரண்டாம் சுற்றில் முக்கால், மூன்றாம் சுற்றில் முழு எடை. எடையை நிர்ணயிப்பது நோயாளியின் இன்றைய வலிமை. வேறு எவருடைய அளவும் அங்கே செல்லாது.

போட்டியின் தருக்கம் இதற்கு நேர்மாறானது. 2007இல் கலிஃபோர்னியாவின் அரோமாஸில் ஒரு பண்ணையில் நடந்த முதல் கிராஸ்ஃபிட் போட்டியில், ஒரு சுற்றின் பயிற்சிகள் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டன. ஹைராக்ஸிலோ தொலைவும் எடையும் முன்பே அறிவிக்கப்பட்டவை. முன்னதில் வருவது தெரியாது. பின்னதில் எல்லாம் தெரியும். ஆனால் இரண்டிலும் மூட்டையின் எடையை விதியே தீர்மானிக்கிறது. அதைச் சுமக்கும் உடலின் வரலாற்றை விதி அறியாது. அதை அறிந்திருக்க வேண்டியது ஆயத்தக் காலம். நான் தவறியது அங்கேதான்: போட்டியின் எண்ணைப் பயிற்சியின் முதல் எண்ணாக எடுத்துக்கொண்டேன்.

ஓய்வுக்குப் பின் அருகிலுள்ள தாலீமில் முதிய பயிற்றுநர் ஒருவரிடம் சென்றேன். முதல் வாரம் அவர் எந்த எடையையும் தொடவிடவில்லை. குனியவும் நிமிரவும் மட்டுமே கற்பித்தார். பின்னர் பாதி மூட்டை. இப்போது முக்கால். முழு எடையை எட்டப் போட்டிக்கு முன் நாள்கள் போதுமா என்று கேட்டேன். "போதாவிட்டால் அடுத்த ஆண்டு" என்றார்.

முனைவர்ப் பட்ட ஆய்வின் நான்காம் ஆண்டில் இருக்கும் எனக்கு அந்த விடை மூட்டையைப் பற்றியதாக மட்டும் தோன்றவில்லை.