வேலை முடிந்தால் வீடும் போகுமா? தோட்டப்புற வீட்டுடைமை பற்றித் தெரிந்துகொள்வோம்

தாத்தா 40 வருஷம் பால்மரம் சீவினார். பாட்டியும்தான். ஆனா அவங்க குடியிருந்த வீடு யாரோடது?

மலேசியாவில் பல தமிழ்க் குடும்பங்களில் இதற்கு ஒரே பதில்தான்: "தோட்டத்தோடது."

கிராமப்புறத்தில் கட்டுப்படியான விலையில் வீடு என்ற பேச்சு வரும்போதெல்லாம் இந்தக் கேள்வியும் கூடவே வருகிறது. தோட்டத்திலேயே பிறந்து, அங்கேயே உழைத்தவர்களுக்குச் சொந்த வீடு கிடைப்பது ஏன் இத்தனை சிரமம்?

தோட்ட வீடு என்றால் என்ன?

தொழிலாளர்களுக்குத் தோட்ட நிர்வாகம் கொடுக்கும் குடியிருப்பு. அந்தக் காலத்தில் வரிசையாகக் கட்டிய லயன் வீடுகள். இப்போது பல இடங்களில் தனித்தனி வீடுகள்.

இப்படிக் கொடுக்கும் வீடு எப்படி இருக்க வேண்டும் என்பது நிர்வாகத்தின் தயவு அல்ல, சட்டம். 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் குறைந்தபட்ச வீடமைப்பு, வசதிகள் தர நிலைச் சட்டம் அதைக் கவனிக்கிறது. சட்டம் 446 என்றும் அதைச் சொல்வார்கள். குடிநீர், மின்சாரம், பிள்ளைக் காப்பகம் எல்லாம் அதில் வரும்.

சரி, அப்புறம் என்ன பிரச்சினை?

வீடு வேலையோடு ஒட்டியது. வேலை இருக்கும் வரை வீடு இருக்கும். ஓய்வு பெற்றாலோ, வேலை நிறுத்தப்பட்டாலோ குறிப்பிட்ட காலத்துக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

வாடகைப் பிரச்சினை இல்லாமல் 30, 40 ஆண்டுகள் வாழ்ந்த குடும்பம், 60 வயதில் முதன்முறையாக வீடு தேடுகிறது. வங்கிக் கடன் கேட்கும் வயதா அது?

எத்தனை ஆண்டுகள் குடியிருந்தாலும் அந்த வீட்டின் கிராண்ட், அதாவது நிலப்பட்டா, தொழிலாளர் பெயருக்கு மாறாது.

தோட்டத்தை விற்றுவிட்டால்?

இது புதிய கதை அல்ல. சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் வெளிநாட்டு முதலாளிகள் பலர் தோட்டங்களை விற்றுவிட்டுப் போனார்கள். வாங்கியவர்கள் அவற்றைச் சிறு சிறு துண்டுகளாகப் பிரித்து விற்றார்கள். இதுதான் தோட்டத் துண்டாடல். வேலையும் வீடும் ஒரே நாளில் போயின.

அதற்குப் பதிலாகப் பிறந்ததுதான் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம். அப்போது அமைச்சராக இருந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் அதைத் தொடக்கி வைத்தார். தொழிலாளர்கள் மாதம் 10 வெள்ளி கட்டினார்கள். அந்தப் பணத்தில் சங்கமே தோட்டங்களை வாங்கியது. முதலில் வாங்கியது கெடாவில் உள்ள புக்கிட் சிடிம் தோட்டம்.

இதனால் பலருடைய வேலை காப்பாற்றப்பட்டது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். உறுப்பினர்களுக்குக் கிடைத்தது சங்கத்தில் பங்கு. தனித்தனி வீட்டுக்குக் கிராண்ட் அல்ல.

பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனைக்கு அவ்வளவு ஆள் தேவையில்லை. பட்டணங்கள் விரிந்தபோது தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின.

இழப்பீடு கிடைக்காதா?

கிடைக்கும். 1980ஆம் ஆண்டு விதிமுறைப்படி, 5 ஆண்டுக்கு மேல் வேலை செய்தவரை நிறுத்தினால், ஓர் ஆண்டுக்கு 20 நாள் சம்பளம் என்று கணக்கு.

20 ஆண்டு வேலை செய்தவருக்கு 400 நாள் சம்பளம். கேட்க நிறைய மாதிரி இருக்கும். ஆனால் அது ஓராண்டுச் சம்பளத்தைவிடக் கொஞ்சம்தான் அதிகம். அதை வைத்து வீடு வாங்க முடியாது. ஒப்பந்தத்தில் சொன்ன வயதில் ஓய்வு பெறுபவருக்கு அந்தத் தொகையும் கிடையாது.

அரசாங்கத்தின் கிராமப்புற வீடமைப்புத் திட்டம் உதவாதா?

இங்கேதான் சிக்கல். கிராமப்புற ஏழைக் குடும்பங்களுக்கு 'ரூமா மெஸ்ரா ராக்யாட்' என்ற திட்டம் இருக்கிறது. அரசாங்கம் கட்டுமானச் செலவில் ஒரு பகுதியை ஏற்று, சிறிய தனி வீடு கட்டிக் கொடுக்கும்.

ஆனால் வீடு கட்ட நிலம் இருக்க வேண்டும். சொந்த நிலம், இல்லாவிட்டால் நில உரிமையாளரின் அனுமதி.

கம்போங்கில் பரம்பரை நிலம் வைத்திருப்பவருக்கு இது நல்ல திட்டம். தோட்டத்தில் நான்கு தலைமுறை இருந்தாலும் ஒரு சதுர அடிகூட சொந்தமில்லாதவருக்கு? முதல் படியிலேயே கதவு மூடிவிடும். கிராமப்புற ஏழைகள் என்று எல்லாரையும் ஒரே பட்டியலில் வைத்தால் இந்த வேறுபாடு தெரியாது.

மத்திய அரசாங்கம் நிலம் கொடுக்கலாமே?

அது அவ்வளவு சுலபமில்லை. அரசமைப்புச் சட்டப்படி நிலம் மாநில அரசாங்கத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டது. வீடு கட்டப் பணம் ஒதுக்குவது மத்திய அரசாங்கமாக இருக்கலாம். விவசாய நிலத்தைக் குடியிருப்பு நிலமாக மாற்ற அனுமதி கொடுப்பது மாநிலம். நிலம் வைத்திருப்பது தனியார் நிறுவனம். மூன்று பேரும் ஒரே மேசைக்கு வந்தால்தான் காரியம் நடக்கும்.

40 ஹெக்டருக்குக் குறையாத தோட்ட நிலத்தைக் கைமாற்ற, தேசிய நிலச் சட்டத்தின் 214ஏ பிரிவுப்படி தோட்ட நில வாரியத்தின் ஒப்புதல் வேண்டும். துண்டாடலைக் கட்டுப்படுத்த வந்த ஏற்பாடு அது.

மூன்று தரப்பும் சேர்ந்தால் என்ன நடக்கும்?

சிலாங்கூரின் பெஸ்தாரி ஜெயா ஓர் எடுத்துக்காட்டு. பழைய பெயர் பத்தாங் பெர்ஜுந்தை. மேரி, நைகல் கார்ட்னர், சுங்கை திங்கி, புக்கிட் தாகார், மின்யாக் ஆகிய 5 தோட்டங்களைச் சேர்ந்த 245 குடும்பங்கள் 20 ஆண்டுக்கும் மேலாகச் சொந்த வீட்டுக்குப் போராடின.

2023இல் தான் அவர்களுக்கான தரைவீட்டுத் திட்டம் தொடக்கம் கண்டது. பிரதமர் டத்தோ ஸ்ரீ அன்வார் இப்ராஹிம் அந்த நிகழ்ச்சிக்கு வந்தார். நிலம் தனியார் நிறுவனம் கொடுத்தது. பணத்தில் மத்திய அரசாங்கத்துக்கும் பங்கு உண்டு.

வழி இருக்கிறது என்பதை இது காட்டுகிறது. அந்த வழி எவ்வளவு நீளம் என்பதையும் காட்டுகிறது. கோரிக்கை தொடங்கியபோது பள்ளியில் படித்த பிள்ளை, வீடு வரும்போது குடும்பத் தலைவராகியிருப்பார்.

எது பலன் தரும்?

* தோட்டம் விற்கப்படுவதற்கு முன்பே, நில மாற்ற அனுமதி கொடுக்கும்போதே, தொழிலாளர் வீட்டுக்கு நிலம் ஒதுக்குவது. விற்ற பிறகு கேட்டால் பேரம் பேச எதுவும் இருக்காது.
* சொந்தப் பெயரில் கிராண்ட். "குடியிருக்கலாம்" என்ற வாய்ச் சொல் போதாது.
* சம்பளத்துக்கு ஏற்ற விலை. 2025 முதல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். மாதத் தவணை அதற்குள் அடங்க வேண்டும்.
* இடம். அடுக்குமாடியில் வீடு கொடுத்தால் கூரை கிடைக்கும். ஆனால் மாடு, கோழி, காய்கறித் தோட்டம் வைத்துச் சம்பாதித்த பக்க வருமானம் நின்றுவிடும். கோயிலும் தமிழ்ப்பள்ளியும் தூரமாகிவிடும்.

உங்கள் குடும்பம் தோட்டத்தில் இருந்தால்?

* அப்பா அம்மாவின் ஊழியர் சேமநிதிக் கணக்கைப் பாருங்கள். 2024 மே முதல், 55 வயதுக்கு உட்பட்டவர்களின் சந்தாவில் 15 விழுக்காடு 'செஜாத்ரா' கணக்குக்குப் போகிறது. அதை வீடு வாங்கப் பயன்படுத்தலாம்.
* நிலையான சம்பளச் சீட்டு இல்லாதவர்களுக்கு, வங்கிக் கடனுக்கு அரசாங்கமே உத்தரவாதம் கொடுக்கும் வீட்டுக் கடன் உத்தரவாதத் திட்டம் இருக்கிறது. வங்கியில் கேளுங்கள்.
* மாநில வீடமைப்பு வாரியத்தில் பெயரைப் பதியுங்கள். ஓய்வுக்கு ஓர் ஆண்டு இருக்கும்போது அல்ல, இப்போதே.
* சம்பளச் சீட்டு, வேலைக் கடிதம், தோட்ட முகவரி உள்ள பழைய ஆவணங்கள் எதையும் தூக்கிப் போடாதீர்கள். "இத்தனை வருஷம் இங்கதான் இருந்தோம்" என்பதற்கு அவைதான் சாட்சி.

பாரங்களும் இணையப் பதிவும் பெரியவர்களுக்குச் சிரமமாக இருக்கலாம். மலாயில் எழுதவும் கைப்பேசியில் பதியவும் தெரிந்த நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து செய்து கொடுத்தால், வேலை பாதி முடிந்த மாதிரி.