கால் தமனி நோயும் இதயத் தமனிச் சிகிச்சையும்

புறத்தமனி நோய் என்பது கை, கால் போன்ற உறுப்புகளுக்கு இரத்தம் கொண்டு செல்லும் தமனிகள் கொழுப்புப் படிவுகளால் சுருங்குவதால் உண்டாகும் நோயாகும். இது பெரும்பாலும் கால்களையே தாக்குகிறது. மாரடைப்புக்குக் காரணமான இதயத் தமனி அடைப்பும் இதே வகைப் படிவுகளால்தான் ஏற்படுகிறது. புகைபிடித்தல், நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், மிகுதியான கொலஸ்டிரால், முதுமை ஆகியவை இரண்டுக்கும் பொதுவான காரணிகள்.

மருத்துவ வரலாற்றில் இவ்விரு நோய்களின் தொடர்பு நெருக்கமானது. பைபாஸ் அறுவை, பலூன் சிகிச்சை ஆகிய இரண்டும் மனிதரிடத்தில் முதலில் காலில் செய்யப்பட்டு, பின்னரே இதயத்துக்குச் சென்றன. இதயச் சிகிச்சை பெருகிய பின் கால் தமனி நோய் பின்னுக்குத் தள்ளப்பட்டது. பலூன் சிகிச்சையோ பைபாஸோ செய்துகொள்ளும் இதய நோயாளியின் ஆயுளை அவரது கால் தமனிகளின் நிலையும் முன்னறிவிக்கிறது என்பது 1980களிலும் 1990களிலும்தான் எண்களுடன் நிறுவப்பட்டது.

நொண்டிய குதிரை

1831இல் பிரான்சு நாட்டுக் கால்நடை மருத்துவர் ஜான்-பிரான்சுவா பூலே ஒரு குதிரையைப் பற்றி எழுதினார். ஓடத் தொடங்கிய சிறிது நேரத்தில் அது நொண்டும். நிறுத்தி ஓய்வு கொடுத்தால் சரியாகிவிடும். அதன் தொடைத் தமனியில் அடைப்பு இருந்தது. மனிதரிடத்தில் இதே நிலையை இங்கிலாந்தின் பெஞ்சமின் பிராடி 1846இல் விவரித்தார். பாரிஸ் மருத்துவர் ஷார்கோ 1858இல் இதை விரிவாக எழுதி, குதிரையின் நோயும் மனிதரின் நோயும் ஒன்றே என எடுத்துக்காட்டினார். இடைவிட்ட நொண்டல் என்ற பெயர் இதற்கு நிலைத்தது.

இந்நோயாளிக்குக் குறிப்பிட்ட தூரம் நடந்ததும் கெண்டைக்காலில் வலி வரும். நின்றால் சில நிமிடங்களில் தணியும். ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் ஹெபர்டன் 1772இல் வெளியிட்ட கட்டுரையில் நெஞ்சுவலியையும் இவ்வாறே விவரித்திருந்தார்: நடக்கும்போது வரும், நின்றால் நீங்கும். உழைக்கும் தசைக்குக் கூடுதல் இரத்தம் தேவைப்படும்போது, சுருங்கிய தமனியால் அதைத் தர முடிவதில்லை. கால் வலிக்கும் நெஞ்சுவலிக்கும் அடிப்படை இதுதான்.

காலில் தொடங்கிய பைபாஸ்

1946இல் லிஸ்பன் நகரில் சித் தொஸ் சாந்தோஸ் தொடைத் தமனியைத் திறந்து உள்ளிருந்த படிவை நீக்கினார். 1948இல் பாரிஸில் ஜான் குன்லின் ஒரு நோயாளியின் காலிலிருந்து சிரையை எடுத்து, அடைப்புக்கு மேலும் கீழும் தைத்து, இரத்தத்துக்கு மாற்றுவழி அமைத்தார். காலில் சிரையைக் கொண்டு செய்யப்பட்ட முதல் பைபாஸ் இது. அர்ஜென்டினாவைச் சேர்ந்த ரெனே ஃபவலோரோ அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் மருத்துவமனையில் 1967இல் இதயத்துக்குச் செய்த பைபாஸ், 19 ஆண்டுகளுக்குப் பின் வந்தது. அதற்கும் காலின் சிரையே பயன்பட்டது.

டாட்டரும் குருன்ட்சிக்கும்

கத்தியின்றித் தமனியைத் திறக்கும் முறையும் காலில்தான் தொடங்கியது. 1964 ஜனவரி 16 அன்று அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரில் கதிரியக்க மருத்துவர் சார்லஸ் டாட்டர், தம் உதவியாளர் மெல்வின் ஜட்கின்ஸுடன் 82 வயதுப் பெண்மணி ஒருவருக்குச் சிகிச்சை அளித்தார். அவரது காலில் ஆறாத புண் இருந்தது. விரல்கள் அழுகத் தொடங்கியிருந்தன. காலை எடுத்துவிட வேண்டும் என்ற அறிவுரையை அவர் ஏற்கவில்லை. டாட்டர் மெல்லிய கம்பி ஒன்றை அடைப்பின் ஊடே செலுத்தி, அதன் மேல் ஒன்றைவிட ஒன்று பருமனான கத்தீட்டர் குழாய்களை நுழைத்துத் தமனியை விரித்தார். சில நிமிடங்களில் பாதம் சூடேறியது. அந்தப் பெண்மணி அதன்பின் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் தம் இரு கால்களாலும் நடந்தார்.

அமெரிக்க அறுவை மருத்துவர்கள் இம்முறையை வரவேற்கவில்லை. படம் எடுத்தால் போதும், சரிசெய்ய முயல வேண்டாம் என்று டாட்டருக்கே குறிப்பு எழுதி அனுப்பியவரும் உண்டு. ஐரோப்பாவில்தான் அது வேரூன்றியது. ஜெர்மனியின் எபர்ஹார்ட் சைட்லரிடமிருந்து இம்முறையை அறிந்த ஆந்திரேயாஸ் குருன்ட்சிக், சூரிச் நகரில் தம் வீட்டுச் சமையலறை மேசையில் பலூன் பொருத்திய கத்தீட்டர்களைச் செய்து பார்த்தார். அளவுக்கு மேல் உப்பாத பலூன் அவருக்குத் தேவைப்பட்டது. பாலிவினைல் குளோரைடு அதற்கு ஏற்றதாக அமைந்தது. 1974 பிப்ரவரியில் அந்தப் பலூனைக் கால் தமனியில் பயன்படுத்தினார். பலூனைச் சிறிதாக்கி, 1977 செப்டம்பர் 16 அன்று விழிப்புடன் இருந்த நோயாளி ஒருவரின் இதயத் தமனியை விரித்தார். டாட்டர், ஜட்கின்ஸ், குருன்ட்சிக், இதயத் தமனிகளை முதலில் தனித்தனியே படமெடுத்த மேசன் சோன்ஸ் ஆகிய நால்வரும் 1985ஆம் ஆண்டிலேயே மறைந்தனர்.

ஆய்வுகள் காட்டியவை

1984இல் கிளீவ்லேண்ட் மருத்துவமனையின் நார்மன் ஹெர்ட்ஸர் குழுவினர், இரத்தக்குழாய் அறுவைக்கு வந்த 1,000 நோயாளிகளின் இதயத் தமனிகளைப் படமெடுத்து முடிவுகளை வெளியிட்டனர். 8 விழுக்காட்டினருக்கு மட்டுமே இதயத் தமனிகள் இயல்பாக இருந்தன. நால்வரில் ஒருவருக்கு அறுவையால் சரிசெய்யக்கூடிய கடுமையான அடைப்பு இருந்தது.

1992இல் மைக்கேல் கிரிக்கி குழுவினர் கலிஃபோர்னியாவில் 565 பேரைப் பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு வெளியானது. கால் தமனி நோய் உள்ளவர்கள் இதயத் தமனி நோயால் இறக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஆறு மடங்குக்கும் அதிகமாக இருந்தது. கால் வலி இல்லாமல் சோதனையில் மட்டும் நோய் தெரிந்தவர்களுக்கும் ஆபத்து கூடியிருந்தது.

இதயச் சிகிச்சை பெற்றவர்கள் பற்றிய தெளிவான சான்று அமெரிக்காவின் வடக்கு நியூ இங்கிலாந்துப் பகுதியிலிருந்து வந்தது. பைபாஸ் செய்துகொண்டவர்களில், புறத்தமனி நோய் உள்ளோரில் 7.7 விழுக்காட்டினரும் இல்லாதோரில் 3.2 விழுக்காட்டினரும் மருத்துவமனையிலேயே இறந்தனர் என 1995இல் பர்க்மேயர் குழுவினர் தெரிவித்தனர். அடுத்த ஆண்டு வெளியான தொடர் ஆய்வில், ஐந்தாண்டுகளுக்குள் இறந்தோர் முறையே 20 விழுக்காடும் 8 விழுக்காடும் ஆக இருந்தனர். 1999இல் ஐரோப்பாவில் உருவான யூரோஸ்கோர் என்னும் இதய அறுவை ஆபத்து மதிப்பீட்டில் இதயத்துக்கு வெளியேயுள்ள தமனி நோய்க்குத் தனிப் புள்ளிகள் தரப்பட்டன.

காரணங்கள்

காலில் அடைப்பு உள்ளவருக்கு உடலின் பிற தமனிகளிலும் படிவு இருக்கும் வாய்ப்பு அதிகம். மகாதமனியில் சுண்ணாம்புப் படிவு இருந்தால், இதய அறுவையின்போது துகள் பெயர்ந்து மூளைக்குச் சென்று பக்கவாதம் வரலாம். தொடைத் தமனி சுருங்கியிருந்தால், அதன் வழியே கத்தீட்டரைச் செலுத்துவதும், தளர்ந்த இதயத்துக்கு உதவும் பலூன் பம்பைப் பொருத்துவதும் கடினம். பைபாஸுக்காகச் சிரை எடுத்த இடத்தில் காலின் காயம் ஆறவும் நாளாகும்.

எளிதில் கவனத்துக்கு வராத காரணம் ஒன்றும் உண்டு. கால் வலியால் நூறு அடி நடந்ததும் நின்றுவிடுபவரின் இதயம், நெஞ்சுவலி வரும் அளவுக்கு உழைப்பதே இல்லை. அவரது இதய நோய் வெளித்தெரியாமல் முற்றிவிடக்கூடும். அவரும் வீட்டாரும் கால் வலியை முதுமையின் தளர்ச்சி என்றே எடுத்துக்கொள்வதுண்டு.

அடைப்பை நீக்குவது மட்டும் போதுமா?

கால் நோயாளிகளுக்கு இதய அடைப்பு மிகுதி என்றால், இரத்தக்குழாய் அறுவைக்கு முன் இதயத்தைச் சரிசெய்துவிடலாமே என்ற எண்ணம் எழுந்தது. அமெரிக்காவில் 510 பேரிடம் நடத்தப்பட்டு 2004இல் வெளியான ஆய்வு இதைச் சோதித்தது. இதய நோய் நிலையாக இருந்த இவர்களில் ஒரு பிரிவினருக்கு முதலில் இதயத்தில் பலூன் அல்லது பைபாஸ் செய்யப்பட்டது. மறு பிரிவினருக்குச் செய்யப்படவில்லை. ஏறத்தாழ மூன்றாண்டுகளுக்குப் பின் இரு பிரிவிலும் இறப்பு விகிதம் 22, 23 விழுக்காடு என ஏறக்குறைய சமமாகவே இருந்தது. ஓர் இடத்து அடைப்பை நீக்கினாலும் எல்லாத் தமனிகளிலும் பரவியுள்ள நோய் நீங்குவதில்லை என்பதை இது உணர்த்தியது.

இன்றைய நிலை

கத்தீட்டரை மணிக்கட்டுத் தமனி வழியே செலுத்தும் முறை பரவியிருப்பது கால் தமனி நோயாளிகளுக்குப் பெரும் நன்மை. மான்ட்ரியாலின் லூசியன் காம்போ 1989இல் இவ்வழியே இதயத் தமனிகளைப் படமெடுத்ததை வெளியிட்டார். ஆம்ஸ்டர்டாமின் ஃபெர்டினாண்ட் கீமெனை 1992இல் இவ்வழியே சிகிச்சையும் செய்தார். புகையை விடுதல், நீரிழிவையும் இரத்த அழுத்தத்தையும் கட்டுப்படுத்துதல், ஸ்டாட்டின் மாத்திரை, இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து, மேற்பார்வையுடன் கூடிய நடைப்பயிற்சி ஆகியவை சிகிச்சையின் அடிப்படை.

நோயைக் கண்டறியும் சோதனை எளியது. கணுக்காலின் இரத்த அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தால் வகுக்க வேண்டும், விடை 0.90 அல்லது அதற்குக் குறைவானால் கால் தமனியில் அடைப்பு உண்டு எனக் கொள்ளப்படுகிறது. நெடுநாள் நீரிழிவு உள்ளவர்களுக்குத் தமனி இறுகி விடை பொய்யாக உயர்வதால், அவர்களுக்கு விரல் அழுத்தம் பார்ப்பதுண்டு. சென்னையில் நடத்தப்பட்டு 2000இல் வெளியான நகர மக்கள் ஆய்வில் 3.2 விழுக்காட்டினருக்கும், நீரிழிவு உள்ளோரில் 6.3 விழுக்காட்டினருக்கும் புறத்தமனி நோய் இருந்தது. இதயச் சிகிச்சைக்கு வருபவரிடம் நடக்கும்போது கால் வலிக்கிறதா என்று கேட்பதும், பாதத்தின் நாடியைத் தொட்டுப் பார்ப்பதும் செலவில்லாத சோதனைகள். அவை தரும் விடை அவரது ஆயுளைப் பற்றியதாகவும் இருக்கலாம்.