நிரோத் முதல் நெவிரபின் வரை: திண்டுக்கல் சமவெளியிலிருந்து ஒரு பார்வை

எய்ட்ஸ் பற்றிப் பேச்சு எழுவதற்கு ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்கு முன்பே திண்டுக்கல் வட்டாரம் ஆணுறையை அறிந்திருந்தது. சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் 1947-இல் தொடங்கிய காந்திகிராமம், 1960-களில் ஆத்தூர் ஒன்றியத்தில் நடத்திய குடும்பநலப் பணி நாடறிந்தது. 1968-இல் அரசு நிரோத் என்ற ஆணுறையைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. மூன்று 15 காசு. அது தம்பதியருக்கான பொருள், பிள்ளைப்பேற்றைத் தள்ளிப்போடுவதற்கானது. நோய்த்தடுப்பு என்ற பேச்சே அப்போது இல்லை.

அந்தப் பேச்சு சென்னையில் தொடங்கியது. சென்னை மருத்துவக் கல்லூரியில் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் ஆய்வு செய்துவந்த நிர்மலா, காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்த பாலியல் தொழிலாளர்களிடம் ரத்தம் எடுத்தார். மாதிரிகளைத் தம் வீட்டுக் குளிர்பெட்டியில் வைத்துக் காத்தார். 1986 பிப்ரவரியில் கணவரோடு இரவு ரயிலேறி அவற்றை வேலூருக்குக் கொண்டுபோனார். கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் சோதனையில் ஆறு பேருக்கு எச்.ஐ.வி. தெரிந்தது. மே மாதம் சுகாதார அமைச்சர் எச்.வி. ஹண்டே சட்டமன்றத்தில் அதை அறிவித்தார். இது மேல்நாட்டார் நோய் என்ற நிம்மதி அன்றோடு போயிற்று. தொற்று கண்ட பெண்களுக்குக் கிடைத்ததோ சிகிச்சையல்ல, பூட்டு. தண்டனைக்காலம் முடிந்த பின்னும் அடைத்துவைக்கப்பட்டவர்களுக்காகப் பத்திரிகையாளர் ஷியாமளா நடராஜ் உயர்நீதிமன்றம் போக வேண்டியிருந்தது. 1990-இல்தான் கதவு திறந்தது. அவர்களிடம் வந்துபோன ஆண்களை அதுவரை எவரும் தேடவில்லை.

தேடல் ஆண்கள் பக்கம் திரும்பியபோது அகப்பட்டவர் லாரி ஓட்டுநர். மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் 1994-இல் உருவானது. மறு ஆண்டு அமெரிக்க நிதியுதவியுடன் அடையாறு தன்னார்வ சுகாதார சேவை நிறுவனத்தின் திட்டம் நெடுஞ்சாலைகளுக்கு வந்தது. திண்டுக்கல்லோ சாலைகளால் ஆன ஊர். அன்றைய வாரணாசி–கன்னியாகுமரி நெடுஞ்சாலை, திருச்சி, பழனி, தேனி வழிகள், ஒட்டன்சத்திரம் சந்தைக்கு வரும் காய்கறி வண்டிகள் என்று லாரி ஓயாது. ஓட்டுநரிடமும் கிளீனரிடமும் பேசியது சரியே. ஆனால் அதன் பக்கவிளைவாக, லாரி ஏறாத ஆண்களெல்லாம் தங்களுக்கு இதில் சம்பந்தமில்லை என்று இருந்துவிட்டார்கள். 2000-களின் தொடக்கத்தில் எய்ட்ஸ் விழிப்புணர்வு விளம்பரத் தட்டிகளில் வந்த புள்ளிராஜா என்ற கற்பனை ஆண் அந்த நினைப்பைத்தான் சீண்டினார். முகம் சுளித்தவர்கள் உண்டு. ஆனாலும் டீக்கடைவரை எய்ட்ஸைப் பேசவைத்தது அவர்தான் என்பேன்.

உண்மை நிலவரம் பிரசவ வார்டில் வெளிப்பட்டது. 2001-இல் தமிழகக் கர்ப்பிணிகளில் 1.13 சதவீதம் பேருக்குத் தொற்று இருந்ததாகக் கண்காணிப்புக் கணக்கு சொன்னது. நிரோத் யாருடைய குடும்பத்துக்காக விற்கப்பட்டதோ, அந்த மனைவிமார் இவர்கள். இவர்களுக்கென வந்தது நெவிரபின்: வலி எடுத்ததும் தாய்க்கு 200 மில்லிகிராம் மாத்திரை ஒன்று, பிறந்த 72 மணி நேரத்துக்குள் குழந்தைக்குச் சில துளி மருந்து. குழந்தைக்குத் தொற்று பரவும் வாய்ப்பை அது வெகுவாகக் குறைத்தது. தாய்க்கு அந்த ஒரு மாத்திரையோடு சரி. அவர் உடலிலிருந்த கிருமி பின்னாளில் அதே மருந்துக்கு அடங்காமல் போகும் ஆபத்தும் அதில் இருந்தது. பிள்ளையைக் காக்கத் தாயைப் பரிசோதித்த அரசு, தாய்க்கான தொடர் மருந்தை இலவசமாகத் தரத் தொடங்கியது 2004 ஏப்ரல் 1-இல். தமிழகத்தில் அது தொடங்கிய தாம்பரம் சானடோரியம், திண்டுக்கல்லிலிருந்து ஏறக்குறைய 400 கிலோமீட்டர்.